பின்கண்ணாடியில் ஒரு சாட்சி

குடும்ப வாகனத்தில் பின்புறக் கெமரா பொருத்துவோர் கவனத்திற்கு

மாவனல்லையைத் தாண்டிக் கண்டிப் பக்கம் போகின்ற எவரும் கடுகண்ணாவை ஏற்றத்தை அறிவர். முன்னால் ஒரு லொறி முக்கி முனகி ஏறும். பின்னால் ஒரு பஸ் வண்டி நமது பம்பரை முட்டுகிற தூரத்தில் நின்று ஹோர்ன் அடிக்கும். நடுவில் நமது சிறிய கார். அதன் பின் இருக்கையில் பிள்ளைகள். இந்த நிலைமை கடுகண்ணாவைக்கு மட்டும் உரியதல்ல. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக மலைக்கு ஏறுவோரும், யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலைப் பக்கம் போவோரும், இறக்குவானைக்கு அப்பால் புலுத்தோட்டை வளைவுகளில் திரும்புவோரும் அன்றாடம் அனுபவிப்பதுதான். தேயிலை, றப்பர்த் தோட்டங்களுக்குள் போகும் பாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அங்கே எதிரே ஒரு வாகனம் வந்துவிட்டால், ஒருவர் பின்னோக்கி எடுத்தே ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட ஏற்றத்தில் ஒரு மோதல் நடந்தால் யார் குற்றவாளி? பின்னால் வந்தவர்தான் இடித்தார் என்பது பொதுவான எண்ணம். ஆனால் மலைநாட்டில் அது அவ்வளவு இலகுவான தீர்ப்பல்ல. பின்னால் வந்தவர் வந்து இடித்தாரா, முன்னால் நின்றவர் பிரேக்கை விட்டுப் பின்னோக்கி உருண்டு வந்து இடித்தாரா என்ற கேள்வி உடனே எழும். இரண்டு வாகனங்களிலும் இருக்கின்ற காயம் ஒன்றுதான். நசுங்கிய பம்பர் உண்மையைச் சொல்லாது. "நீங்கதான் பின்னுக்கு வந்தீங்க" என்று நாலு பேர் சத்தமிட்டால், வாகனம் ஓட்டி வந்த நமது சகோதரி என்ன செய்வாள்? கூடியிருக்கும் ஆண்களுக்கு மத்தியில் அவளுடைய குரல் எடுபடுமா?

இந்த இடத்தில்தான் பின்கண்ணாடியில் பொருத்திய ஒரு சிறிய கெமரா பயன்படுகிறது. முன்கண்ணாடிக் கெமரா முன்னால் நடப்பதை மட்டுமே பார்க்கும். பின்னால் வந்தவரின் வேகமும், நமது வாகனம் அசையாமல் நின்றதும் பின்புறக் கெமராவில்தான் தெளிவாகப் பதியும்.

ஜப்பானில் நடந்த ஒரு சம்பவம்

நமது ஊர்களில் ஓடுகின்ற பெரும்பாலான கார்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. இந்தக் கெமராப் பழக்கமும் அங்கே வேகமாகப் பரவியதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 2017 ஜூன் மாதத்தில் டோமெய் அதிவேக வீதியில் ஒரு குடும்ப வாகனத்தை வேறொரு கார்க்காரர் விரட்டி வந்து, முந்திச் செல்லும் பாதையிலேயே வழிமறித்து நிறுத்தினார். நின்ற வாகனத்தின் மீது பின்னால் வந்த லொறி மோதியது. தாயும் தந்தையும் இறந்தார்கள். கூட இருந்த இரண்டு பெண் பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. வாகனப் பதிவுக் கருவிகளை மக்கள் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார்கள். 2019இல் இன்னொரு அதிவேக வீதியில் ஒருவர் விரட்டி வந்து, வாகனத்தை நிறுத்தி, உள்ளே இருந்தவரை அடித்த காட்சி அடிபட்டவரின் கெமராவிலேயே பதிந்து தொலைக்காட்சிகளில் வந்தது. அதன் பிறகு, விரட்டி ஓட்டுவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2020 ஜூன் 30ஆம் திகதி அமுலுக்கு வந்தது.

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி மாதம் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அப்படி வருகின்ற பாவித்த ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் ஏற்கனவே கெமரா பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அதில் ஜப்பான் மொழி மட்டும் இருக்கும், நேரம் நமது நேரமாக இராது, உள்ளே இருக்கின்ற மெமரி கார்ட் பழுதாகிப் போயிருக்கும். "எங்கட கார்ல கெமரா இருக்கு" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் முதலில் அது உண்மையில் பதிகிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டும் ஒன்றல்ல

பின்புறக் கெமரா என்றதும் பலர் இரண்டு வெவ்வேறு பொருட்களை ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள்.

ஒன்று, ரிவர்ஸ் கெமரா. இது வெளியே, இலக்கத் தகட்டுக்கு மேலே இருக்கும். ரிவர்ஸ் கியர் போட்டதும் பம்பருக்கு அடியில் இருக்கும் நிலத்தைக் காட்டும். எதையும் பதிந்து வைக்காது.

மற்றது, பதிவுக் கெமரா. இது உள்ளே, பின்கண்ணாடியின் மேல் விளிம்பில் இருக்கும். ஓடும்போதெல்லாம் பின்னால் வரும் வீதியைப் பதிந்துகொண்டே இருக்கும். ஆனால் உயரத்தில் இருப்பதால், பம்பருக்கு ஒட்டினாற்போல் கீழே நிற்பது அதற்குத் தெரியாது.

இந்த வேறுபாட்டைத் தாய்மார் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். காரணம் சின்னஞ்சிறு பிள்ளைகள். தோட்டத்து லயங்களின் வாசலிலும், நமது வீடுகளின் முற்றத்திலும் தவழ்ந்தும் ஓடியும் விளையாடுகின்ற பிள்ளை வாகனத்தின் பின்னால் வந்து நின்றால், எந்தக் கண்ணாடியிலும் அது தெரியாது. அமெரிக்காவில் 2002இல் ஒரு குழந்தை மருத்துவர் தமது வீட்டு வாசலிலேயே வாகனத்தைப் பின்னோக்கி எடுத்தபோது, தமது இரண்டு வயது மகனையே இழந்தார். அந்தத் தந்தையும் அவரைப் போன்ற பெற்றோரும் பல ஆண்டுகள் போராடினார்கள். அந்தப் பிள்ளையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2007ஆம் ஆண்டுக்குரியது. 2018 மே மாதம் முதல் அந்நாட்டில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் பின்புறத்தைக் காட்டும் கெமரா கட்டாயமாயிற்று. பின்னோக்கி எடுக்கும் விபத்துகளில் அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறந்ததாகவும், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றும் அரசாங்கமே கணக்கிட்டிருந்தது. ஜப்பானிலும் 2022 மே மாதம் முதல் புதிய மாதிரி வாகனங்களுக்கு இப்படியொரு விதி வந்துவிட்டது.

ஆகவே பதிவுக் கெமராவைப் பூட்டிவிட்டோம், இனிப் பின்னால் பார்க்கத் தேவையில்லை என்று எண்ணுவது ஆபத்து. வாகனத்தை எடுக்கும் முன் ஒரு தடவை இறங்கிச் சுற்றிப் பார்ப்பது, பிள்ளைகள் எல்லோரும் எங்கே என்று எண்ணிப் பார்ப்பது, யாராவது ஒருவர் சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆகிய மூன்று பழக்கங்களுக்கும் எந்தக் கெமராவும் மாற்றாகாது.

வாங்கும்போது

முன்னும் பின்னும் சேர்ந்த இரட்டைக் கெமராவே வீட்டுக்கு ஏற்றது. முன் கருவியில் திரையும் மெமரி கார்ட்டும் இருக்கும். பின் கெமரா ஒரு நீண்ட கம்பியால் அதனோடு இணையும். பெட்டியோடு வரும் கம்பி பெரும்பாலும் ஐந்து, ஆறு மீற்றர் நீளமாக இருக்கும். சிறிய காருக்கு அது போதும். வேன் வைத்திருப்போர் நீளமான கம்பி கேட்டு வாங்க வேண்டும்.

உள்ளே லித்தியம் பற்றரி உள்ளதா, சுப்பர் கெப்பாசிற்றர் உள்ளதா என்று கேளுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்கருகில் கடும் சூடு ஏறும். லித்தியம் பற்றரி நாளடைவில் வீங்கிவிடக் கூடும். கெப்பாசிற்றர் உள்ள கருவி சூட்டைத் தாங்கும்.

மெமரி கார்ட்டில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். சாதாரணக் கார்ட் கைபேசிக்கு உகந்தது. இடைவிடாமல் எழுதி அழித்து எழுதும் வேலைக்கென்றே அதிக காலம் உழைக்கும் கார்ட்கள் தனியாக விற்கப்படுகின்றன. முன்பின் இரண்டும் முழுத் தெளிவில் பதிந்தால், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் செலவாகும். 64 ஜிகாபைட் கார்ட் ஐந்து மணி நேரம்கூடக் கொள்ளாது. நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். மாவனல்லையிலிருந்து கொழும்புக்குப் போய் வருபவர்கள், காலையில் நடந்ததை இரவில் தேடினால் கிடைக்காமல் போகலாம். 128 ஜிகாபைட் கார்ட் வைத்துக் கொள்வது நல்லது. ஆனால் கருவி எவ்வளவு பெரிய கார்ட்டை ஏற்கும் என்பதைப் பெட்டியில் பார்த்தே வாங்குங்கள்.

கம்பி போகும் பாதை

பின் கெமராவைப் பொருத்துவதில் பெரிய வேலையே கம்பியை ஒளித்துக் கொண்டுபோவதுதான். முன் கருவியிலிருந்து கூரைத் துணியின் விளிம்புக்குள் கம்பியைச் செருகி, ஓரமாகக் கதவுகளுக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும். விரலால் அல்லது ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக உள்ளே தள்ளினால் போதும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் துணி கிழியும், கிளிப் உடையும்.

இங்கேதான் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. புதிய கார்களில் முன்கண்ணாடியின் ஓரத் தூண்களுக்குள்ளும் கூரையின் ஓரங்களிலும் எயார் பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மோதலின்போது அது கண் இமைக்கும் நேரத்தில் திரைபோல விரியும். கெமராக் கம்பி அதற்கு முன்னால் குறுக்காகக் கிடந்தால், விரியும் பையைத் தடுக்கும், அல்லது பை கம்பியையும் தூணின் மூடியையும் பிள்ளையின் முகத்தில் வீசும். ஆகவே கம்பி எயார் பேக்கின் பின்பக்கமாக, ஏற்கனவே அங்கே போகின்ற கம்பிக் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். மஞ்சள் நிற இணைப்பிகள் எயார் பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உள்ளவை. அவற்றின் பக்கமே போகக் கூடாது.

பின்கதவு மேலே திறக்கும் கார்களில், கூரைக்கும் கதவுக்கும் இடையில் ஒரு றப்பர்க் குழாய் இருக்கும். கம்பி அந்தக் குழாய்க்குள்ளால்தான் போக வேண்டும். வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காகக் கதவு இடுக்கால் கம்பியை விட்டுவிடுவோரும் உண்டு. அப்படி விட்டால் கதவை மூடுகிற ஒவ்வொரு தடவையும் கம்பி நசுங்கும், மழை நீரும் உள்ளே இறங்கும். இரத்தினபுரி மழை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். றப்பர்க் குழாயை மீண்டும் சரியாகப் பொருத்தாவிட்டால், சில மாதங்களில் கூரைத் துணியில் பூஞ்சணம் பிடித்து மணக்கத் தொடங்கும். கதவு முழுவதும் திறந்தாலும் கம்பி இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும்.

பின்கண்ணாடியில் கெமராவை மேலே நடுவில், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் ஒட்டுங்கள். பனி நீக்கும் மெல்லிய கோடுகள் மீது ஒட்டினால், பிறகு கழற்றும்போது கோடும் சேர்ந்து உரிந்து வரும். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி என்றால், இரவில் இலக்கத் தகடு தெரிகிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பின் கெமராவின் கம்பியோடு தனியாக ஒரு சிவப்புக் கம்பி வருவதுண்டு. அதை ரிவர்ஸ் லைட்டின் நேர்க் கம்பியோடு இணைத்தால், ரிவர்ஸ் போட்டதும் முன் திரை முழுவதும் பின்புறக் காட்சியாக மாறும். தேவையில்லை என்றால் அதை வெறுமனே தொங்க விடாமல், நுனியை நன்றாக டேப் சுற்றி மூடிவிட வேண்டும்.

மின்சாரம் எங்கிருந்து?

மிக இலகுவான வழி சிகரெட் லைட்டர் சொக்கெட்டில் செருகுவது. எந்தக் கம்பியையும் வெட்டத் தேவையில்லை. சாவியை எடுத்ததும் பெரும்பாலான கார்களில் கெமராவும் நின்றுவிடும். சாதாரணக் குடும்பத்திற்கு இதுவே போதும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வாகனம் நிறுத்தியிருக்கும்போதும் பதிய வேண்டும் என்பவர்கள், பியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொகுதியை வாங்குகிறார்கள். ஜும்ஆவுக்கும் தராவீஹுக்கும் பள்ளிவாசல் ஓரத்தில் நிறுத்திவிட்டு வரும்போது, கதவில் புதிய கீறலைக் கண்டவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. இதில் மூன்று கம்பிகள் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள், எப்போதும் மின்சாரம் உள்ள பியூஸுக்கு. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பியூஸுக்கு. கறுப்பு, எர்த், அதாவது வண்டியின் உலோக உடம்பில், பெயின்ற் இல்லாத ஒரு திருகாணியில். நிறங்கள் கம்பனிக்குக் கம்பனி மாறலாம். எழுதியிருப்பதைப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

நடுவிலுள்ள சிறிய பெட்டி 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும். அத்தோடு பற்றரி இறங்கினால் கெமராவை நிறுத்தியும் விடும். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். ஒரு கணக்குப் பாருங்கள். நிறுத்தியிருக்கும்போது கெமரா கால் அம்பியர் இழுப்பதாக வைத்துக் கொள்வோம். வெள்ளி மாலை நிறுத்திய கார் திங்கள் காலை வரை நின்றால் அறுபது மணி நேரம். கணக்குப்படி 15 அம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் பற்றரியே 35, 40 அம்பியர்-மணிதான். பழைய பற்றரி என்றால் திங்கள் காலை பிள்ளைகள் பாடசாலைக்குப் போக முடியாது. ஹைபிரிட் காரிலும் இதே கதைதான். உள்ளே பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், சிறிய 12 வோல்ட் பற்றரி இறங்கிவிட்டால் கார் உயிர் பெறாது.

நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். 12.2க்கு இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே நிறுத்தும் அளவை 12 அல்லது 12.2 வோல்ட்டில் வையுங்கள். 11.6 என்ற அளவு கெமராவுக்குச் சாதகமானது, காருக்குச் சாதகமானதல்ல.

பியூஸில் இணைப்பதற்கு இரண்டு பியூஸ் தாங்கும் சிறிய இணைப்பி விற்கப்படுகிறது. காரின் பழைய பியூஸ் அதில் தன் இடத்திலேயே இருக்கும். கெமராவுக்குத் தனியாக 2 அல்லது 3 அம்பியர் பியூஸ் மேலே இருக்கும். இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால் எதுவோ, அது மின்சாரம் வருகின்ற பக்கத்தில் இருக்க வேண்டும். பியூஸைக் கழற்றிவிட்டு டெஸ்ட் லாம்பால் தொட்டுப் பார்த்தால், எந்தப் பக்கம் மின்சாரம் வருகிறது என்று தெரியும். எயார் பேக், பிரேக், எஞ்சின் ஆகியவற்றுக்குரிய பியூஸ்களில் கை வைக்கக் கூடாது. சொக்கெட், ரேடியோ, உள் விளக்கு போன்றவையே உகந்தவை.

பாஸிடம் கேளுங்கள்

பெரும்பாலான வீடுகளில் இந்த வேலையை வயரிங் பாஸிடம்தான் கொடுப்போம். வாகனத்தை விட்டுவிட்டு வரும் சகோதரி, கீழுள்ளவற்றைத் தயங்காமல் கேட்கலாம். நல்ல பாஸ் கோபப்பட மாட்டார்.

"நானா, வயர எங்கால கொண்டு போறீங்க? எயார் பேக்குக்குப் பின்னாலயா?"

"மின்சாரம் எந்த பியூஸ்லருந்து எடுக்குறீங்க? கெமராவுக்குத் தனி பியூஸ் போடுறீங்களா?"

"இருக்கிற வயரச் சீவி முறுக்கி டேப் சுத்த வேணாம். இணைப்பிதான் போடணும்."

"பின்கதவு றப்பருக்குள்ளாலதானே வயர் போகுது?"

"மூடியெல்லாம் பூட்ட முந்தி பின் படம் வருதான்னு காட்டுங்க."

கடைசிக் கேள்வி சிறியதுதான். ஆனால் எல்லாம் பூட்டி முடிந்த பிறகு படம் வராவிட்டால், மறுபடியும் அத்தனையையும் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் ரேடியோ போட்டுப் பாருங்கள். இரைச்சல் கேட்டால், கெமராக் கம்பி அன்டனாக் கம்பிக்கு மிக நெருக்கமாகப் போகிறது. பின்கதவை இரண்டு மூன்று தடவை திறந்து மூடியும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரத்தையும் திகதியையும் சரி பாருங்கள். பின் படம் இடம்வலம் மாறியிருந்தால் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல இடம்வலமாக மாறித் தெரியும்; அதையும் திருத்துங்கள். அரிசியைச் சுத்தம் செய்வது போல மாதம் ஒரு தடவை கார்ட்டைத் துப்புரவு செய்து, லென்ஸையும் கண்ணாடியையும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். தோட்டத்துப் பாதையில் போய் வந்த கண்ணாடியில் சேறு படிந்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கெமராவும் சேற்றைத்தான் பதியும்.

விபத்து நடந்தால்

முதலில் மனிதர்கள். யாருக்காவது காயமென்றால் 1990 அம்பியுலன்ஸ், 119 பொலிஸ். அதன் பிறகு காப்புறுதிக் கம்பனி. பிறகுதான் பதிவு. பெரும்பாலான கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பகுதி அழியாமல் பூட்டப்படும். பிறகு கருவியை நிறுத்தி, கார்ட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ஓடவிட்டால் அதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடலாம்.

இப்படிப்பட்ட பதிவை நீதிமன்றம் ஏற்குமா என்று பலர் கேட்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. சம்பவம் நடந்த நேரத்திலேயே பதியப்பட்டிருக்க வேண்டும், கருவி ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும், பதிவு எவ்வகையிலும் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. வழக்கு விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் மற்றத் தரப்புக்கு அறிவித்தலும் கொடுக்க வேண்டும். ஆகவே வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி பயன்படாது. கார்ட்டிலுள்ள மூலப் பதிவை அப்படியே வைத்திருங்கள். வீதி ஒழுங்கு மீறல்களைப் பொதுமக்கள் நேரடியாக அறிவிப்பதற்கென இலங்கைப் பொலிசாரும் 2025 ஜனவரியில் ஒரு கைபேசிச் செயலியை அறிமுகப்படுத்தினார்கள். மற்றவரின் தவறை முகநூலில் போட்டு மானபங்கப்படுத்துவதைவிட, உரிய இடத்தில் ஒப்படைப்பதே முறை.

அமானிதம்

கார் என்பது நமது பெண்களுக்கு ஓடுகின்ற ஒரு வீடு போன்றது. அங்கே பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள், முக்காட்டைச் சற்றுத் தளர்த்துவார்கள், குடும்ப விஷயம் பேசுவார்கள். ஆகையால் உள்ளே பார்க்கின்ற மூன்றாவது லென்ஸ் உள்ள கருவி வீட்டுக்கு வேண்டாம். பின் கெமரா வெளியேதான் பார்க்கிறது என்றாலும், முன் கருவியின் ஒலிவாங்கி உள்ளே பேசுவதையெல்லாம் பதியும். மருமகளும் மாமியும் பேசியது, ராத்தாவும் தங்கச்சியும் பேசியது எல்லாம் கார்ட்டில் கிடக்கும். பிறகு யாரோ ஒருவர் விபத்துக் காட்சியைத் தேடப் போய் அதைக் கேட்பார். துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் ஒரே வசனத்தில் தடுத்திருப்பதை நாம் அறிவோம். ஒலிப் பதிவை அமைப்பில் நிறுத்திவிடுவது ஒரு நிமிட வேலை.

கெமராவின் வைஃபைக்குக் கம்பனி கொடுக்கும் இரகசிய எண் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று முதல் எட்டு வரையிலான இலக்கங்கள்தான். முதல் நாளே மாற்றிவிடுங்கள். வாகனத்தை சேர்விஸுக்குக் கொடுக்கும்போதும் விற்கும்போதும் கார்ட்டைக் கழற்றிவிடுங்கள். உங்கள் வீட்டு வாசலும், மத்ரஸாவுக்குப் பிள்ளைகள் போகும் நேரமும் அதில் பதிந்திருக்கின்றன.

இன்னும் ஒன்று உண்டு. அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பின்கண்ணாடியில் வைத்த கெமரா நமக்குச் சாதகமாக மட்டும் பேசுவதில்லை. மூத்த மகன் காரைப் பின்னோக்கி எடுக்கும்போது, லயத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்த ஒரு தோட்டத் தொழிலாளியின் சைக்கிளை நசுக்கிவிட்டான் என்று வைத்துக் கொள்வோம். பார்த்தவர் யாருமில்லை. வீட்டுக்கு வந்து, "வாப்பா, யாரும் காணல்ல. வீடியோவ அழிச்சிருவமா?" என்று கேட்கிறான். அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடக்கிறது?

சைக்கிளின் சொந்தக்காரர் ஏழை. பொலிஸுக்குப் போக மாட்டார். காப்புறுதிக்காரரும் கேட்கப் போவதில்லை. கார்ட்டை அழித்தால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரியே என்ற கருத்தில் ஸூரத்துந் நிஸா நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. சாட்சியத்தை மறைக்க வேண்டாம் என்று ஸூரத்துல் பகராவும் எச்சரித்திருக்கிறது. நமக்கு அநியாயம் நடந்தபோது காட்டுவதற்காக வாங்கிய கருவியை, நாம் அநியாயம் செய்தபோது அணைத்துவிட நமக்கு உரிமையில்லை.

உம்மா அந்த இடத்தில் பேச வேண்டும். மறுநாள் காலையிலேயே வாப்பாவும் மகனும் அந்த லயத்துக்குப் போய், சைக்கிளின் சொந்தக்காரரைத் தேடிக் கண்டுபிடித்து, "ஐயா, எங்கட மகன் தெரியாம இடிச்சிட்டான்" என்று சொல்லி, பழுது பார்க்கும் செலவையும், அவர் வேலைக்குப் போக முடியாமல் போன நாளின் கூலியையும் கொடுத்துவிட்டு வரட்டும். அந்தப் பிள்ளை பிறகு வாகனம் ஓட்டுகின்ற விதமே வேறாக இருக்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம் நமக்குத் தெரியும். கம்பியைச் சரியான பாதையில் கொண்டுபோவது, பியூஸ் போடுவது, புறப்படும்போது பிஸ்மில்லாஹ் சொல்லிப் பயண துஆவை ஓதுவது, பின்னால் பிள்ளைகள் இல்லை என்று இறங்கிப் பார்ப்பது எல்லாம் அந்தப் பாடத்துக்குள் அடங்கும். அல்லாஹ் நமது பயணங்களையும், வீதியில் நம்மோடு பயணிக்கும் எல்லா மக்களின் பயணங்களையும் பாதுகாப்பானவையாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.